ஆட்காட்டியின் முட்டை

முட்டை என்றால் வெள்ளை என்றே நம்மில் பெரும்பாலோர் எண்ணியிருக்கிறோம். முட்டையை உண்பவர்களும் சரி, அதைக் கையாலும் தொடாத சைவர்களும் சரி, இந்த ஒரு விஷயத்தில் ஏகோபித்த அபிப்பிராயம் உடையவர்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஒரு முட்டை வரையச் சொன்னால், நீண்ட வட்டம் ஒன்றைப் போட்டுவிட்டு வர்ணம் தீட்டாமல் விட்டுவிடுவார்கள். காகிதத்தின் வெள்ளையே போதும் என்பது அவர்கள் கருத்து. கூடையிலே, வைக்கோலின்மேல், வீட்டுக்காரியின் காவலில் கிடக்கும் கோழி முட்டைக்கு ஒளிந்துகொள்ள வேண்டிய அவசியம் இல்லை. அது வெள்ளையாக இருந்தால் என்ன, பழுப்பாக இருந்தால் என்ன? ஆனால் திறந்த வெளியில், வெறுந் தரையிலே முட்டையிட்டு, ஏறக்குறைய ஒரு மாத காலம் அதைக் காப்பாற்றியாக வேண்டிய பறவையின் நிலையைச் சற்று யோசித்துப் பாருங்கள். ஓடவும் பறக்கவும் கடிக்கவும் இயலாத முட்டைகள் ஒரு பக்கம். பசித்த கண்களும் மூக்குகளும் மற்றொரு பக்கம். இந்தச் சமமற்ற போரில் பறவை எவ்வாறு ஜயிக்கிறது என்பதையே இங்கே விசாரிக்கப் போகிறோம்.

இதைக் கவனிப்பதற்கு முத்துப்பேட்டைப் பக்கத்துப் பூமி மிகவும் ஏற்றது. வடக்கே காவிரிப் பாசனத்தின் கடைமடை வயல்கள். தெற்கே பாமணியாறும் கோரையாறும் வந்து கலக்கும் காயல்; அதைச் சூழ்ந்து அலையாத்திக் காடு; அப்பால் பாக் நீரிணை. கிழக்கே வேதாரண்யம், கோடிக்கரை வரையில் உப்பளமும் சேற்று வெளியும் பரந்து கிடக்கின்றன. சம்பா அறுவடை தை, மாசியில் முடிந்து, பிறகு தெளித்த உளுந்தும் பயறும் வீடு வந்து சேர்ந்தபின், பங்குனி, சித்திரையில் வயல்கள் வெறுமையாகக் கிடக்கும். மண் வெடித்து, கட்டியும் தாளுமாக, நிழல் என்பதே இல்லாமல் வெயில் காயும் அந்த இடத்தைத்தான் ஆட்காட்டி தன் பிரசவ அறையாகத் தேர்ந்தெடுக்கிறது.

ஆட்காட்டியை அறியாத கிராமத்தார் இல்லை. நெடிய மஞ்சள் கால், வெண்கல நிற முதுகு, கறுத்த மார்பு, வெள்ளை வயிறு, கண்ணுக்கு முன்னால் சிவந்த சதைமடல். மனிதனோ நாயோ அதன் எல்லைக்குள் காலெடுத்து வைத்தால் போதும், ஆகாயத்தில் எழும்பிக் கூவி ஊரைக் கூட்டிவிடும். அதன் கூவலில் ஆங்கிலேயர் ‘அவனா செய்தான்?’ என்று பொருள்படும் ஒரு கேள்வியைக் கேட்டார்கள். நம்மவர்களோ அதன் உத்தியோகத்தையே அதற்குப் பெயராக வைத்துவிட்டார்கள். குறுந்தொகையிலும் நற்றிணையிலும் வரும் ‘கணந்துள்’ என்ற பறவை இதுவே என்பாரும், உப்பளங்களில் காணும் நெடுங்கால் உள்ளானே அது என்பாரும் உண்டு. எதுவாயினும், ஆள் இருப்பதை வழிப்போக்கருக்கு அறிவிக்கும் பறவை என்று சங்கப் புலவர்கள் அதைக் குறித்திருப்பது நமக்கு முக்கியம். பறவை வழிப்போக்கருக்காகவா கத்தியது? தன் முட்டைக்காகவோ குஞ்சுக்காகவோ கத்தியிருக்கவே இடம் அதிகம்.

இந்தப் பறவை கட்டுவதைக் கூடு என்று சொல்வதுகூட ஒரு மரியாதைக்காகத்தான். தரையிலே மார்பை அழுத்திச் சுழன்று ஒரு சிறு குழி செய்கிறது. அதன் விளிம்பில் சிறு கல், மண்கட்டி, ஆட்டுப் புழுக்கை முதலியவற்றைப் பொறுக்கி வைக்கிறது. அவ்வளவுதான். அதற்குள்ளே நான்கு முட்டைகள், கூரிய முனைகள் நடுவே சேரும்படி, தேங்காய்க் கீற்றுகளை வட்டமாக அடுக்கினாற்போல் கிடக்கும். இப்படி அடுக்கினால்தான் பறவையின் சிறிய வயிற்றின் கீழ் நான்கும் அடங்கும்.

முட்டையின் நிறம் காய்ந்த மண்ணின் நிறம். அதன்மேல் கறுப்பும் கரும்பழுப்புமாகத் திட்டுக்கள். அடிநிறம் மண்ணோடு ஒத்துப்போவதால் மறைவது ஒரு பாதி. மற்றப் பாதியைச் செய்வன இந்தத் திட்டுக்களே. நம் கண் ஒரு பொருளை அறிவது பெரும்பாலும் அதன் ஓரத்தைக் கொண்டுதான். முட்டையின் உருண்டை ஓரம் எங்கும் தடையில்லாமல் தெரிந்தால் ‘இது முட்டை’ என்று காக்கையின் கண் உடனே சொல்லிவிடும். கறுத்த திட்டுக்கள் அந்த ஓரத்தை அங்கங்கே வெட்டிவிடுகின்றன. ஒரு துண்டு நிழல்போலவும், ஒரு துண்டு மண்கட்டிபோலவும், ஒரு துண்டு புழுக்கைபோலவும் தோன்றுகின்றன; முழு முட்டை எங்கும் தோன்றுவதில்லை. கடைகளில் விற்கும் காடை முட்டையைக் கொண்டு இதை வீட்டிலேயே பரீக்ஷித்துப் பார்க்கலாம். நாம் வகுப்பில் செய்து காட்டுவது வழக்கம். மேஜைமேல் வைத்தால் காடை முட்டையைப்போலக் கண்ணைக் கவரும் வஸ்து வேறில்லை. அதே முட்டைகள் ஐந்தை விளையாட்டு மைதானத்து ஜல்லி ஓரத்தில் பரப்பிவிட்டு, பத்தடி தூரத்திலிருந்து எண்ணச் சொன்னால் முப்பது மாணவர்கள் முப்பது கணக்குச் சொல்வார்கள். (கடைசியில் ஐந்தையும் திரும்பப் பொறுக்கி எடுப்பதற்குள் நமக்கும் சற்றுக் கஷ்டமாகத்தான் இருக்கும்.)

இத்தனை விதமான வர்ணங்களைத் தீட்டுவதற்குப் பறவையின் உடலில் இருக்கும் சாயங்கள் பிரதானமாக இரண்டேதான் என்பது ஆச்சரியம். ஒன்று நீலமும் பச்சையும் தருவது. அதற்குப் பிலிவெர்டின் என்று பெயர். மற்றொன்று சிவப்பும் பழுப்பும் தருவது. அதற்குப் புரோட்டோபோர்ஃபிரின் என்று பெயர். இரண்டும் இரத்தத்தின் செந்நிறச் சத்தோடு உறவுடையவை. முட்டை தாயின் வயிற்றில், ஓடு உண்டாகும் பையில் தங்கியிருக்கும்போதே இச்சாயங்கள் அதன்மேல் படிகின்றன. தவிட்டுக்குருவியின் நீல முட்டையும், ஆட்காட்டியின் புள்ளி முட்டையும் ஒரே சாயப்பட்டறையின் சரக்குத்தான்.

அப்படியானால் சாயம் தீட்டாத வெள்ளை முட்டைகள் எங்கே இருக்கின்றன? ஆற்றங்கரை மண்ணைக் குடைந்து வளைக்குள் முட்டையிடும் மீன்கொத்தியைப் பாருங்கள். அதன் முட்டை பளபளக்கும் வெள்ளை. மரப்பொந்தில் இருக்கும் கிளி, ஆந்தை, மரங்கொத்தி, பனங்காடை ஆகிய யாவற்றுக்கும் வெள்ளை முட்டையே. பனையோலையின் நுனியில், கிணற்றுக்கோ குளத்துக்கோ மேலாக, நீண்ட குழாய் வாசலோடு கூடு பின்னித் தொங்கவிடும் தூக்கணாங்குருவிக்கும் அப்படியே. வெளிச்சம் புகாத இடத்தில் வர்ணம் வீண் செலவு. இருட்டறையில் வெள்ளையாக இருந்தால் தாயின் காலில் மிதிபடாமலாவது தப்பும். டார்வினோடு ஒரே காலத்தில் பரிணாம தத்துவத்தைக் கண்ட வாலேஸ் 1889-ல் எழுதிய நூலிலேயே, முட்டையின் நிறத்துக்கும் அது மறைந்திருக்கும் இடத்துக்கும் உள்ள இந்தச் சம்பந்தத்தை எடுத்துக் காட்டியிருக்கிறார்.

ஆனால் பிரகிருதி நம் இலக்கண ஆசிரியர்களைப்போல் விதியோடு நின்றுவிடுவதில்லை. புறனடைகளிலேயே அதற்குப் பிரியம் அதிகம். புறா வெளிச்சத்தில், நாலு சுள்ளியை வைத்துக் கட்டிய தட்டில் வெள்ளை முட்டையிடுகிறது. முத்துப்பேட்டைக்கு அருகே உதயமார்த்தாண்டபுரத்து ஏரியில், நீருக்குள் நிற்கும் கருவேல மரங்களின்மேல் நத்தைக்குத்தி நாரைகள் கூட்டங் கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. 2022-ஆம் வருஷம் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்று ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்ட இடம் அது. அங்கே திறந்த கூட்டிலே வெள்ளை முட்டைகள்! இவை எப்படிப் பிழைக்கின்றன? புறாவில் ஆணும் பெண்ணும் முறை வைத்து, முட்டையை விட்டு அகலாமல் அடைகாக்கின்றன. நாரைகளுக்கோ கீழே தண்ணீர் அகழி, பக்கத்தில் நூறு அலகுகள், கூட்டில் எப்போதும் ஒரு காவல். நிறத்தால் ஆகாததை நடத்தையால் ஈடு செய்துகொள்கின்றன.

இதைவிட விசித்திரம் முக்குளிப்பானுடைய யுக்தி. நம் கோயில் குளங்களிலும் ஏரிகளிலும் நொடிக்கொரு தடவை முழுகி மறையும் இந்தச் சிறு பறவை, நீர்ப்பாசியையும் தாவரத் துணுக்குகளையும் குவித்து மிதக்கும் கூடு கட்டுகிறது. முட்டை இட்டவுடன் வெள்ளையாகத்தான் இருக்கும். அபாயம் வருவது தெரிந்தால், தாய் கூட்டை விட்டு இறங்குமுன் ஈரப் பாசியை அலகால் இழுத்து முட்டைகளின்மேல் மூடிவிட்டு, சத்தமில்லாமல் முழுகிவிடும். கரையிலிருந்து பார்த்தால் அழுகிய பாசிக் குவியல் ஒன்று மிதப்பதாகத் தோன்றும். நாளடைவில் அந்தப் பாசியின் கறையே முட்டையில் ஏறி அதைப் பழுப்பாக்கிவிடுகிறது. தன்னிடம் சாயம் இல்லாத பறவை, குளத்திலிருந்து சாயத்தைக் கடன் வாங்குகிறது!

ஆகவே, நிறம் தனியாக நின்று எதையும் சாதிப்பதில்லை. நிறம், நிலம், தாய்ப் பறவையின் நடத்தை ஆகிய மூன்றும் கூடிச் செய்துகொண்ட ஓர் ஒப்பந்தமே முட்டையின் பாதுகாப்பு. இதை வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதைப் பின்னால் பார்ப்போம்.

நிலத்துக்கு ஏற்ப நிறம் அமைவதற்கு நம் நாட்டிலேயே பிரசித்தமான உதாரணம் ஒன்று இருக்கிறது. ஆட்காட்டியின் தாயாதியான மஞ்சள் மூக்கு ஆட்காட்டி, இன்னும் வறண்ட வெளிகளில் முட்டையிடுவது. அதன் முட்டை மற்ற இடங்களில் மண் நிறமாக இருக்க, மலையாளக் கரையில் செம்புறைக்கல் பரந்த சில பகுதிகளில் மாத்திரம் செந்நிறமாக இருப்பதைப் பறவை நூல்கள் குறிக்கின்றன. செந்தரையில் மண் நிற முட்டையிட்ட பறவைகளின் சந்ததி காக்கைக்கு இரையாக, சற்றே சிவந்த முட்டையிட்டவற்றின் சந்ததி தப்பிப் பெருகிற்று என்று இதற்குக் காரணம் சொல்கிறார்கள்.

இந்தியப் பறவைகளின் முட்டைகளைப் பற்றி இத்தனை தகவல்கள் சேர்ந்ததற்கு ஒரு பழைய சரித்திரம் உண்டு. 1885-ல் காங்கிரஸ் மகாசபை தோன்றுவதற்கு முன்னின்ற ஆலன் ஆக்டேவியன் ஹியூம் துரையை நேயர்கள் அறிவார்கள். அவரே அந்தக் காலத்தில் இந்தியப் பறவை சாஸ்திரத்தின் தந்தை என்பதைப் பலர் அறியார். இந்தியப் பறவைகளின் கூடுகளையும் முட்டைகளையும் பற்றி அவர் 1873-ல் ஒரு நூல் வெளியிட்டார். பல வருஷங்கள் உழைத்து எழுதிய கையெழுத்துப் பிரதிகளை அவர் வீட்டு வேலைக்காரன் ஒருவன் பழைய காகித விலைக்கு விற்றுவிட்டான். மனம் உடைந்த ஹியூம், பறவைத் தோல்களும் முட்டைகளும் அடங்கிய தம் பெருந்தொகுப்பை 1885-ல் லண்டன் பொருட்காட்சிச் சாலைக்குக் கொடுத்துவிட்டார். அந்நாளில் கனவான்கள் முட்டை சேகரிப்பது தபால் தலை சேகரிப்பதைப் போன்ற பொழுதுபோக்கு. இப்போது 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், காட்டுப் பறவைகளின் முட்டையை அழிப்பதும் எடுப்பதும் வேட்டையாகவே கருதப்படும்.

ஹியூம் காலத்தவர் முட்டையைப் பெட்டியில் பஞ்சின்மேல் வைத்துப் பார்த்தார்கள். முட்டையை அது கிடக்கும் இடத்திலேயே வைத்துப் பார்த்த பிற்கால ஆராய்ச்சியாளர்களுக்கே அதன் இரகசியம் புலப்பட்டது. காடைகளைப் பற்றி 2013-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியைக் கேளுங்கள். ஒவ்வொரு பெண் காடைக்கும் முட்டையின் கோலம் வேறு. ஒன்றின் முட்டையில் திட்டு அதிகம், மற்றொன்றின் முட்டையில் குறைவு. பல நிறமான தரைகளைக் காட்டியபோது, ஒவ்வொரு காடையும் தன் முட்டை மறையக்கூடிய தரையையே பெரும்பாலும் தேர்ந்துகொண்டது. பிறகு ஆப்பிரிக்காவில், ஸாம்பியா தேசத்தில், தரையில் முட்டையிடும் பறவைகளின் கூடுகளைப் பறவைக் கண்ணுக்கும் மிருகக் கண்ணுக்கும் எப்படித் தோன்றும் என்று கணக்கிட்டுப் படம் பிடித்தார்கள். 2016, 2017-ஆம் வருஷங்களில் வெளியான அம்முடிவுகளில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஆட்காட்டி, உப்புக்கொத்தி இனங்கள் சத்துருவைத் தூரத்தில் கண்டதுமே கூட்டை விட்டு நழுவிவிடுகின்றன. அவற்றில் முட்டை எவ்வளவு நன்றாக மறைந்ததோ அவ்வளவுக்குக் கூடு தப்பிற்று. பக்கி என்னும் இராப்பறவையோ, சருகோடு சருகாக முட்டைமேலேயே அசையாமல் உட்கார்ந்திருக்கும். அதில் முட்டையின் நிறத்தைக் காட்டிலும் தாயின் இறகு நிறமே கூட்டைக் காத்தது. ‘நான் போய்விடுகிறேன், நீ ஒளிந்திரு’ என்பது ஆட்காட்டியின் வழி. ‘நான் ஒளிந்துகொள்கிறேன், நீ எனக்குள் இரு’ என்பது பக்கியின் வழி.

ஆட்காட்டி நழுவும் விதத்தைக் கவனித்தால் அதன் சாமர்த்தியம் விளங்கும். ஆள் வருவதைக் கண்டதும் கூட்டிலிருந்தே பறந்தால் இடம் தெரிந்துவிடும் அல்லவா? ஆகையால் முதலில் குனிந்து, கட்டிகளுக்கிடையே ஓசையின்றி ஓடும். போதிய தூரம் சென்றபின்தான் எழுந்து கூச்சலிடும். ஆள் கூட்டை நெருங்கினால் தலைக்குமேல் சரிந்து பாய்ந்து மிரட்டும். சில சமயங்களில் முட்டையே இல்லாத வேறோர் இடத்தில் போய், அடைகாப்பதுபோல் பாவனை செய்து உட்கார்ந்துகொள்ளும். ‘ஆட்காட்டி எங்கே கத்துகிறதோ அங்கே முட்டை’ என்று தேடப் போகிறவன் ஏமாந்து திரும்புவான். மாட்டுக்கும் மனிதனுக்கும் அது ஒரே நாடகம் ஆடுவதில்லை. மாடு முட்டையைத் தின்னாது, மிதிக்கத்தான் செய்யும். அதற்கு எதிரே இறகை விரித்துக்கொண்டு நின்று திசை மாற்றப் பார்க்கும்.

உப்பளத்தில் வசிக்கும் உப்புக்கொத்தி நடிப்பில் இதற்கும் மேலே. சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரிய பறவை அது. மிரட்டினால் யார் பயப்படப் போகிறார்கள்? ஆகையால் அது பரிதாபத்தை நாடுகிறது. நரியோ நாயோ நெருங்கினால், சிறகு ஒடிந்ததுபோல் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு தரையில் துடிக்கும். சுலபமான இரை அகப்பட்டது என்று சத்துரு பின்தொடரும். கூட்டைவிட்டு நெடுந்தூரம் அழைத்துப்போன பிறகு, ஒடிந்த சிறகு திடீரென்று குணமாகிவிடும்! கூட்டை விட்டுப் போகுமுன் மணலையும் சிப்பித் துணுக்கையும் தள்ளி முட்டைகளைப் பாதி மூடிவிடுவதும் உண்டு. பாக் நீரிணையின் இரு கரையிலும், அதாவது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும், நிரந்தரமாகத் தங்கி முட்டையிடும் இந்தச் சிறு உப்புக்கொத்தி, வடதேசத்திலிருந்து வரும் இனத்தினின்றும் வேறானது என்று 2023-ல் இலங்கை ஆராய்ச்சியாளர் உள்ளிட்ட ஒரு குழுவினர் நிரூபித்தார்கள். அதற்கு அனுமான் உப்புக்கொத்தி என்று நாமகரணமும் ஆகியிருக்கிறது. சேதுவின் இரு பக்கமும் உலவும் பறவைக்கு வேறென்ன பெயர் பொருந்தும்?

கடற்கரையில் முட்டையிடும் பறவையின் கஷ்டம் நம் முன்னோருக்கும் புதிதல்ல. பஞ்சதந்திரத்தில் டிட்டிபம் என்ற பறவைத் தம்பதிகளின் கதை வருகிறது. சமுத்திரம் அவற்றின் முட்டைகளை வாரிக்கொண்டு போக, பறவைகள் ஒன்று கூடிக் கருடனிடம் முறையிட்டு, விஷ்ணுவின் உதவியால் முட்டைகளைத் திரும்பப் பெற்றன என்பது கதை. டிட்டிபம் என்பது ஆட்காட்டிதான்.

முட்டை பொரிந்தவுடன் அபாயம் தீர்ந்துவிடுகிறதா என்றால், இல்லை. புதிய அபாயம் ஒன்று பிறக்கிறது. உடைந்த ஓட்டின் உட்புறம் வெள்ளை. வெயிலில் கண்ணாடிபோல் பளிச்சிடும். மண் நிறமான குஞ்சும் இன்னும் பொரியாத முட்டைகளும் மறைந்திருக்கும் இடத்தை அது தம்பட்டம் அடித்துத் தெரிவித்துவிடும். டின்பர்கன் என்ற டச்சு விஞ்ஞானி இங்கிலாந்துக் கடற்கரையில் கறுப்புத் தலைக் கடற்காக்கைகளைக் கொண்டு இதை ஆராய்ந்து 1962-ல் வெளியிட்டார். முட்டையின் பக்கத்தில் உடைந்த ஓட்டை வைத்தால் காக்கைகள் அம்முட்டையைக் கண்டுபிடிப்பது அதிகமாயிற்று. ஓடு தள்ளித் தள்ளிப் போகக் கொள்ளையும் குறைந்தது. தாய்க் கடற்காக்கை ஓட்டை அலகில் கவ்விக்கொண்டு போய்த் தூர எறிவதன் காரணம் இதுவே. ஆனால் பொரிந்தவுடனே எறிவதில்லை. ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதிக்கிறது. குஞ்சு ஈரமாக இருக்கும் வரையில் அண்டைக் கூட்டுக் கடற்காக்கையே அதை விழுங்கிவிடக் கூடுமாம். ஈரம் காய்ந்து இறகு பொசுபொசுவென்று ஆனபின்தான் தாய் நகருகிறது. இரண்டு அபாயங்களையும் எடை போட்டுப் பார்த்து நேரம் குறிப்பது போன்ற இந்தக் காரியம், சிந்தனை என்று ஒன்று இல்லாமலே நடக்கிறது. டின்பர்கனுக்கு 1973-ல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் ஆராய்ந்த அதே இனப் பறவைகள் குளிர்காலத்தில் நம் இந்தியக் கடற்கரைக்கும் விருந்தாளியாக வருகின்றன. ஆட்காட்டி முதலிய நம் தரைப் பறவைகளும் ஓட்டை அப்புறப்படுத்துகின்றன.

இதுவரை சொன்னதெல்லாம் கண்ணால் தேடும் சத்துருவுக்குத்தான். கீரியும் நரியும் மூக்கால் தேடுகின்றன. அவற்றிடம் வர்ணம் என்ன செய்யும்? இதற்கும் ஓர் உபாயம் உண்டு என்று நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். கோடிக்கரைக்கு வலசை வரும் உள்ளான் இனங்கள் வாலடிச் சுரப்பியிலிருந்து ஒருவகை மெழுகை எடுத்து இறகில் பூசிக்கொள்கின்றன. அடைகாக்கும் காலத்தில் மட்டும் அந்த மெழுகு எளிதில் ஆவியாகாத வேறொரு வகையாக மாறிவிடுகிறது. மோப்பம் பழக்கிய நாய் ஒன்றைக் கொண்டு பரீக்ஷித்தபோது, புதிய மெழுகைக் கண்டுபிடிப்பது அதற்குக் கஷ்டமாயிருந்தது என்று 2005-ல் வெளியிட்டிருக்கிறார்கள்.

ஒளிந்துகொள்வதற்கு ஒரு விலையும் கொடுக்க வேண்டியிருக்கிறது. சித்திரை வெயிலில் கறுத்த பொருள் அதிகமாகச் சுடும் என்பது குடை பிடிக்கும் எவருக்கும் தெரியும். தீக்கோழியின் முட்டைக்கு ஆராய்ச்சியாளர்கள் பழுப்பு வர்ணம் பூசி வெயிலில் வைத்தபோது, அது வெள்ளை முட்டையைவிட அதிகமாகச் சூடேறிற்று. தீக்கோழி பெரிய பறவை. வெள்ளை முட்டையிட்டுக் காவலும் காக்க அதனால் முடியும். ஆட்காட்டிக்கு அந்தச் சௌகரியம் இல்லை. திட்டு நிறைந்த முட்டையை நிழலில்லாத வயலில் இட்டுவிட்டு, அதை வேகாமல் காப்பாற்றியாக வேண்டும். நடுப்பகலில் அது முட்டைமேல் உட்காருவது சூடேற்ற அல்ல, நிழல் தருவதற்கே. வாய்க்காலிலோ குட்டையிலோ சென்று வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு ஓடிவந்து, முட்டைகளை ஈரமாக்குவதும் உண்டு. அறுபதுகளில் இந்தியாவில் ஜெயகரும், ஹால்டேன் என்ற மேதையின் மனைவியாரான ஸ்பர்வேயும், மஞ்சள் மூக்கு ஆட்காட்டி ஏன் இந்தக் கோடையைத் தேடி முட்டையிடுகிறது என்று வெகு பொறுமையாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். வெறுந்தரை கிடைப்பது கோடையில்தான்; மறைவதற்கு வெறுந்தரை வேண்டும்; வெறுந்தரைக்கு விலை வெப்பம்.

ஒப்பந்தம் என்று முன்னால் சொன்னோமே, அதை இப்போது பார்ப்போம். காக்கையின் கண்ணுக்குத் தப்புவதற்காக அமைந்த முட்டை, டிராக்டர் ஓட்டுகிறவர் கண்ணுக்கும் தப்பிவிடுகிறது. ஏர் பூட்டி உழுத காலத்தில், மாட்டுக்குமுன் ஆட்காட்டி இறகை விரித்து நின்றால் உழவர் கண்டு நிறுத்தக்கூடும். இயந்திரத்தின் உயரத்திலிருந்தும் இரைச்சலுக்கிடையிலும் அது தெரிவதில்லை, கேட்பதுமில்லை. கடற்கரை மணலில் மோட்டார் சைக்கிள் விட்டு விளையாடுகிறவர்களுக்கு உப்புக்கொத்தியின் முட்டையும் ஆலாவின் முட்டையும் சிப்பிக்கும் மணலுக்கும் வேறாகத் தோன்றுவதில்லை. ஊரோரத்தில் மீன் கழிவையும் எச்சில் இலையையும் கொட்டுகிறோம். அங்கே காக்கையும் தெருநாயும் பெருகுகின்றன. பத்துக் காக்கைகள் தேடும் நிலத்துக்காக அமைந்த வர்ணம், நூறு காக்கைகள் நாள் முழுவதும் தேடினால் என்ன செய்யும்? தாய் பத்து நிமிஷம் கூட்டை விட்டு நழுவுவது தந்திரம். ஆள் போக்குவரத்தினால் ஒரு மணி நேரம் திரும்ப முடியாமற் போனால், முட்டை வெயிலில் கெட்டுவிடும்.

அதனால் நம் மாணவர்களுக்கும் அவர்கள் பெற்றோருக்கும் நாம் சொல்வது ஒன்று உண்டு. ஆட்காட்டி தலைக்குமேல் வந்து கத்தினால், முட்டையைத் தேட வேண்டாம். வந்த வழியே, வைத்த அடிமேல் அடி வைத்துத் திரும்பிவிடுங்கள். கையடக்கக் கருவியில் படம் எடுக்க நெருங்கி நிற்பதும் அதற்கு முற்றுகையே. கோடை உழவுக்கு டிராக்டர் அழைக்கும் மிராசுதார், முந்தின நாள் மாலை வயலை ஒருமுறை சுற்றி வந்து, ஆட்காட்டி கத்தும் மூலையில் இரண்டு முழக் குச்சி நான்கு நட்டு அடையாளம் வைத்தால், உழவு அந்த ஒரு பாய் அளவு இடத்தைத் தாண்டிப் போய்விடலாம். ஒரு மூலை உழாததனால் மகசூல் குறைந்துவிடாது. குச்சியை மட்டும் கூட்டுக்கு மிக அருகே நட வேண்டாம். காக்கை புத்திசாலி, குச்சி நட்ட இடத்தில் என்ன இருக்கிறது என்று அதுவும் வந்து பார்க்கும்.

அடைகாக்கும் காலம் நான்கு வாரம். பொரிந்த குஞ்சுகள் இறகு காய்ந்த சில மணி நேரத்திலேயே எழுந்து ஓடத் தொடங்கிவிடும். தாய் ஒரு குரல் கொடுத்தால் அப்படியே தரையோடு படுத்துவிடும். முட்டையாக இருந்தபோது கற்ற பாடம் அது. மறுநாள் போய்ப் பார்த்தால் அந்த இடத்தில் ஓட்டுத் துணுக்குகூட இராது. ஆட்டுப் புழுக்கைகள் சில வட்டமாகக் கிடக்கும். நடுவே ஒரு கை அகலக் குழி. ஆடியில் வாய்க்காலில் தண்ணீர் வரும்போது அதுவும் கரைந்துவிடும்.